கிளாக்டன், 1930கள் முதல் 1960கள் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இங்கிலாந்தில் கோல்செஸ்டரில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் கிளாக்டன் கடற்கரைக்குக் கூட்டிப் போய்விடுவேன், ரயிலில் அரை மணி நேரம்தான். மணலில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிடும்போது கேள்விகள் ஆரம்பிக்கும், பெரும்பாலும் அதே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பலருக்கும் உதவும் என்று தோன்றியது. இந்த ஊர் என்றால் இங்கிலாந்துக்காரர்களுக்கே 1964-ல் பையன்கள் போட்ட சண்டைதான் ஞாபகம் வருகிறது. அதற்கு 11 வருஷம் முன்னால் இங்கே வந்த கடல் வெள்ளத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் வருத்தம், அதனால் அந்தப் பகுதி கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

கிளாக்டன் எங்கே இருக்கு? பிரைட்டன் பக்கமா?

இல்லை. பிரைட்டன் தெற்கே, ஆங்கிலக் கால்வாய் ஓரத்தில் இருக்கிறது. கிளாக்டன் லண்டனுக்கு வடகிழக்கே, எசெக்ஸ் கடற்கரையில், வட கடலைப் பார்த்தபடி இருக்கிறது. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் 110 கிலோமீட்டர். எந்தக் கடலைப் பார்த்து நிற்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் வரப்போகிற விமானமும் வெள்ளமும் அந்தக் கடல் வழியாகத்தான் வந்தன.

ரொம்பப் பழைய ஊரா?

கிராமம் பழையது, கடற்கரை ஊர் புதியது. பீட்டர் புரூஃப் என்ற ரயில் பொறியாளர் திட்டமிட்டு உருவாக்கியது. 1871-ல் கடல்பாலம் திறந்தார்கள். தூண்கள் மேல் பலகை போட்டுக் கடலுக்குள் நீள்கிற அந்தப் பாலம் முதலில் கப்பல் வந்து நிற்பதற்காகக் கட்டியதுதான், லண்டனிலிருந்து நீராவிப் படகில் வந்து அதில் இறங்குவார்கள். ரயில் 1882-ல் வந்தது. அதற்கப்புறம் ஊர் நிற்கவே இல்லை, வளர்ந்துகொண்டே போனது.

யார் போனாங்க அங்கே? பணக்காரங்களா?

பெரும்பாலும் கிழக்கு லண்டன் தொழிலாளர்கள். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய குடும்பங்கள். அமைதி வேண்டும் என்ற வசதியானவர்கள் பக்கத்து ஊரான ஃபிரின்டனுக்குப் போனார்கள். ஃபிரின்டனில் முதல் பப் திறந்ததே 2000-ல்தான் என்றால் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் புரியும். கிளாக்டனில் 1920களில் கிங்ஸ்மன் என்பவர் கடல்பாலத்தை வாங்கி, அதன் மேல் நடனக்கூடம், நீச்சல்குளம், ‘ஸ்டீல் ஸ்டெல்லா’ என்ற ரோலர்கோஸ்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, அதை ஒரு பெரிய பொருட்காட்சி மாதிரி ஆக்கிவிட்டார்.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. தொழிலாளிக்குச் சம்பளத்தோடு வருஷத்துக்கு ஒரு வாரம் விடுமுறை கிடைக்க வழி செய்த சட்டம் 1938-ல் வந்தது. அதுவரை விடுமுறை எடுத்தால் அந்த வாரம் கூலி கிடையாது, அதனால் நிறையப் பேர் காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். ஒரு வாரம் தங்குகிறவர்கள் என்ற பெரிய கூட்டம் இதற்குப் பிறகுதான் உருவானது, போர் குறுக்கே வந்ததால் அதன் முழுப் பலன் 1945-க்கு அப்புறம்தான் தெரிந்தது.

பட்லின்ஸ் பட்லின்ஸ்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

விடுமுறை முகாம். பில்லி பட்லின் தென்னாப்பிரிக்காவில் பிறந்து கனடாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் பொருட்காட்சிக் கடை போட்டு முன்னுக்கு வந்தவர். அந்தக் காலத்து விடுதிகளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கார அம்மா விருந்தாளிகளை வெளியே அனுப்பிவிடுவார், சாயங்காலம்தான் உள்ளே விடுவார். மழை பெய்தாலும் அப்படித்தான். குழந்தைகளோடு ஈரத்தில் அலைகிற குடும்பங்களை வேல்ஸின் பாரி தீவில் பார்த்ததுதான் தனக்கு இந்த யோசனையைத் தந்தது என்று பட்லின் சொல்லியிருக்கிறார். ஒரே வேலிக்குள் தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல்குளம், நடனம், விளையாட்டு எல்லாம் வைத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கினார். முதல் முகாம் 1936-ல் ஸ்கெக்னெஸ்ஸில், இரண்டாவது 1938-ல் கிளாக்டனில்.

‘ஒரு வாரச் சம்பளத்துக்கு ஒரு வார விடுமுறை’ என்பதுதான் விளம்பரம். ஸ்கெக்னெஸ்ஸில் ஆரம்பத்தில் வாரத்துக்கு 35 ஷில்லிங்கிலிருந்து 3 பவுண்டு வரை (20 ஷில்லிங் ஒரு பவுண்டு). சிவப்புக் கோட்டு போட்ட பணியாளர்கள் விருந்தாளிகளைச் சிரிக்க வைத்து, கூச்சப்படுகிறவர்களையும் கையைப் பிடித்து விளையாட்டுக்கு இழுப்பார்கள். காலையில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். இன்று இதைக் கேட்டால் பள்ளிக்கூட ஹாஸ்டல் மாதிரி தோன்றும், ஆனால் வருஷம் முழுக்கச் சமையலும் துணி துவைப்பதுமாக இருந்த ஒரு அம்மாவுக்கு அடுப்புப் பக்கம் போகவேண்டாத ஏழு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

போர் வந்தப்போ கடற்கரைக்கு என்ன ஆச்சு?

விடுமுறை நின்றது. பட்லின் முகாமை 1939-லேயே ராணுவம் எடுத்துக்கொண்டது, பொதுமக்களுக்காக மறுபடி திறந்தது 1946-ல். 1940 கோடையில் ஜெர்மானியப் படை கிழக்குக் கரையில் இறங்கிவிடும் என்ற பயம் வந்தபோது அந்தப் பக்கத்துக் கரையோரம் முழுக்கப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்து, வெளியூர்க்காரர்கள் உல்லாசமாக வந்துபோவதைத் தடை செய்தார்கள். மணலில் முள்கம்பி. விருந்தாளியை நம்பியே பிழைத்த ஊர், விருந்தாளியே வரக்கூடாத ஊராக மாறிவிட்டது.

ஊருக்குள்ளேயே விமானம் விழுந்துச்சாமே, நிஜமா?

நிஜம். 1940 ஏப்ரல் 30, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால். ஜெர்மானிய ஹைன்கெல் 111 விமானம் ஒன்று, கடலில் கப்பல்களைத் தகர்க்கும் கண்ணிகளைப் போட வந்தது. பீரங்கிக் குண்டு பட்டுச் சேதமாகி, மூடுபனியில் ஊருக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்து, விக்டோரியா ரோடு என்ற சாதாரணக் குடியிருப்புத் தெருவில் வீடுகள் மேல் விழுந்தது. ஊர்க்காரர்கள் உதவிக்கு ஓடிவந்த நேரத்தில் உள்ளே இருந்த கண்ணி வெடித்தது. விமானத்தில் இருந்த நான்கு பேரும், அந்தத் தெருவில் வீட்டுக்குள் இருந்த ஒரு கணவனும் மனைவியும் இறந்தார்கள். காயம் பட்டவர்கள் 150-க்கும் மேல்.

அந்த விமானத்தில் இரண்டாவது கண்ணி ஒன்றும் இருந்தது. அது வெடிக்கவில்லை. இடிபாட்டுக்கு நடுவே உருளையாகக் கிடந்ததை, ஏதோ ஒரு வீட்டு வெந்நீர்த் தொட்டி என்றே நினைத்திருக்கிறார்கள். இடிந்த வீடுகளுக்கு நடுவே அப்படி நினைப்பது இயல்புதான். பிறகு கடற்படை நிபுணர்கள் வந்து பார்த்து, அது என்ன என்று சொல்லி, செயலிழக்கச் செய்தார்கள். இறந்த நான்கு ஜெர்மானியர்களையும் ஊர்க் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். போர் அப்போது எட்டாவது மாதத்தில் இருந்தது, லண்டன்மேல் தொடர் குண்டுவீச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அப்போ, போரில் இறந்த முதல் பிரிட்டிஷ் பொதுமக்கள் அவங்கதானா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஜெர்மானிய விமானத் தாக்குதலால் இறந்தவர்களைச் சொல்கிறீர்கள் என்றால், 1940 மார்ச் 16 அன்றே ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவில் குண்டு விழுந்து ஒருவர் இறந்துவிட்டார். மேலே சொன்ன கிளாக்டன் தம்பதிக்கு, அப்படி இறந்தவர்களில் ‘இங்கிலாந்து மண்ணில் முதல்வர்கள்’ என்பது பொருந்தும், ‘பிரிட்டனில் முதல்வர்கள்’ என்பது பொருந்தாது. பிரிட்டன் என்றால் ஸ்காட்லாந்தும் அதன் தீவுகளும் சேரும், இங்கிலாந்து என்றால் சேராது என்பதுதான் விஷயம்.

1953 வெள்ளம் என்றால் என்ன? மழை வெள்ளமா?

மழை இல்லை, கடல். 1953 ஜனவரி 31 சனிக்கிழமை, வட கடல் மேல் பெரிய புயல். காற்று வடக்கிலிருந்து தெற்கே கடலைத் தள்ளியது. வட கடல் தெற்கே போகப் போகக் குறுகும், புனல் மாதிரி. தள்ளப்பட்ட தண்ணீருக்குப் போக இடமில்லாமல் மட்டம் ஏறியது, அன்று பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதமும், அதாவது கடல் ஏற்றமும், சேர்ந்துகொண்டது. சில இடங்களில் கடல் வழக்கமான மட்டத்தைவிட இரண்டு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். எதிர்க்கரையில் நெதர்லாந்தில் 1,800-க்கும் மேல்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் நேரம். லிங்கன்ஷயர் கரையை அலை அடித்தது சாயங்காலம் ஏழு மணி வாக்கில். எசெக்ஸை அடித்தது நள்ளிரவுக்கு மேல். நடுவில் ஐந்தாறு மணி நேரம் இருந்தது. ஆனால் கரை நெடுக ஊர் ஊராக எச்சரிக்கை சொல்கிற ஏற்பாடு எதுவும் அப்போது இல்லை, புயலில் பல இடங்களில் தொலைபேசிக் கம்பிகளும் அறுந்திருந்தன. வடக்கே மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது தெற்கே மக்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள்.

கிளாக்டன் மேட்டில்தானே இருக்கு, அங்கே எப்படி வெள்ளம்?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். கிளாக்டன் நடு ஊர் மேட்டில்தான் இருக்கிறது. செத்தவர்கள் அதை ஒட்டி மேற்கே இருக்கும் ஜேவிக்கில். அது சதுப்பை ஒட்டிய தாழ்வான நிலம். அங்கே மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேம்ஸ் முகத்துவாரத்தில் இருக்கும் கேன்வி தீவில் ஏறத்தாழ 60 பேர்.

ஜேவிக்கில் கடல்சுவர் இருந்ததே, அது உடைஞ்சுடுச்சா?

இதைத்தான் எல்லோரும் தப்பாக நினைக்கிறார்கள். வெள்ளம் முன்பக்கத்திலிருந்து வரவில்லை. மேற்கே செயின்ட் ஓசித் சதுப்பைக் காத்த கரை உடைந்து, தண்ணீர் அந்தச் சதுப்பை நிரப்பி, ஜேவிக்கின் முதுகுப்பக்கமாக உள்ளே வந்தது. நேரம் விடியற்காலை இரண்டு மணியை ஒட்டி. கடல்சுவர் பக்கம் காது வைத்துப் படுத்திருந்தவர்களுக்குக்கூட எதுவும் தெரிந்திருக்காது. கால் மணி நேரத்தில் தெரு நிரம்பிவிட்டது.

வீடுகள் ஒற்றைத் தளம், பலவும் மரத்தால் ஆனவை. மாடிக்குப் போகலாம் என்றால் மாடி கிடையாது. விட்டத்துக்கு மேல் இருந்த இடைவெளிக்குள் புகுந்தவர்கள், கூரையை உடைத்துக்கொண்டு வெளியே ஏறியவர்கள் உண்டு. தூக்க உடையோடு, ஜனவரிக் குளிர்காற்றில், ஈரக் கூரையில் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தண்ணீர் கொல்லாத சிலரைக் குளிர் கொன்றது. குளிர்காலத்தில் அங்கே தங்கியிருந்தவர்களில் வயதானவர்கள் நிறைய.

அவ்வளவு ஆபத்தான இடத்தில் ஏன் வயசானவங்க குடியிருந்தாங்க?

ஜேவிக்கைக் குடியிருக்க என்று யாரும் திட்டமிடவில்லை. 1928-ல் ஃபிராங்க் ஸ்டெட்மன் என்ற, நிலம் வாங்கி விற்கும் தொழில் செய்தவர் அந்த நிலத்தை வாங்கி, சிறு மனைகளாகப் பிரித்து, லண்டன் தொழிலாளர்களுக்குக் கோடை வீடு கட்டிக்கொள்ள விற்றார். புரூக்லாண்ட்ஸ் என்ற பகுதியில் தெருக்களுக்கெல்லாம் கார் கம்பெனிப் பெயர்கள்: பென்ட்லி, ஆஸ்டின், ஹில்மன், சன்பீம். கார் வாங்க முடியாதவர்கள் அந்தப் பெயருள்ள தெருவில் சொந்தமாக நாலு சுவர் எழுப்பிக்கொண்டார்கள்.

அப்புறம் போர் வந்தது. லண்டனில் குண்டு விழுந்து வீடிழந்த குடும்பங்கள் கோடை வீட்டிலேயே தங்கிவிட்டன. போருக்குப் பிறகு நாடு முழுக்க வீட்டுப் பஞ்சம். ஓய்வு பெற்றவர்கள், ‘கடலோரம் சொந்த வீடு இருக்கும்போது வாடகை எதற்கு’ என்று வந்து சேர்ந்தார்கள். சாலையும் சாக்கடையும் போட்டுத் தர நகராட்சி முன்வரவில்லை, ஏனென்றால் அது கோடைக்கான இடம் என்பதுதான் அவர்கள் கணக்கு. 1970களில் ஒரு பகுதியை இடித்துத் தள்ளவும் பார்த்தார்கள், குடியிருந்தவர்கள் போராடித் தடுத்துவிட்டார்கள். இன்று ‘இங்கிலாந்தின் ஏழ்மையான பகுதி’ என்று பத்திரிகைகள் எழுதுவது இந்த ஜேவிக்கைத்தான். அதன் வேர் இந்த வரலாற்றில் இருக்கிறது, அங்கே இருக்கிற மனிதர்களிடம் இல்லை.

வெள்ளத்துக்கு அப்புறம் ஏதாவது மாறினதா?

மாறியது. விசாரணைக் குழு அமைத்தார்கள், கிழக்குக் கரைக்குப் புயல் ஓத எச்சரிக்கைச் சேவை வந்தது, கரைகளை உயர்த்தினார்கள். லண்டனைக் காக்கிற தேம்ஸ் தடுப்பணையும் இந்த வெள்ளத்தின் விளைவுதான், ஆனால் அது வேலை செய்ய ஆரம்பித்தது 1982-ல்.

சரி, மாட்ஸ் - ராக்கர்ஸ் சண்டை? அவங்க யாரு?

இரண்டும் இளைஞர் கூட்டங்கள். ராக்கர்கள் தோல் ஜாக்கெட், கனமான மோட்டார் சைக்கிள், ராக் அண்ட் ரோல் இசை. மாட்கள் ஒழுங்காகத் தைத்த சூட், அதன் மேல் பார்க்கா கோட், வெஸ்பா அல்லது லாம்பிரெட்டா ஸ்கூட்டர். 1964 மார்ச் கடைசியில் ஈஸ்டர் விடுமுறைக்கு லண்டனிலிருந்து நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கிளாக்டனுக்கு வந்தார்கள். அந்த ஈஸ்டர் ஞாயிறு 80 வருஷத்தில் இல்லாத குளிர். கடைகள் பாதி மூடியிருந்தன, திறந்திருந்த சில இடங்களிலும் இவர்களுக்கு எதுவும் தரமாட்டோம் என்றார்கள் என்று பேச்சு பரவியது. போக்கிடம் இல்லாத கூட்டம் தெருவில் வண்டிகளை முறுக்கிக்கொண்டு போக வர இருந்தது. ஜன்னல்கள் உடைந்தன, கடற்கரைக் குடில்கள் சில சேதமாயின, ஒரு பையன் ஓட்டப் பந்தயத்துக்குச் சுடுகிற துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டான். போலீஸ் ஆள் பற்றாக்குறையில் திணறியது.

97 பேரைக் கைது பண்ணாங்கன்னா பெரிய கலவரம்தானே?

மறுநாள் பத்திரிகைகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ‘பயங்கர நாள்’ என்ற ரீதியில் தலைப்புகள். சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் இதையெல்லாம் நிதானமாக ஆராய்ந்து 1972-ல் புத்தகமாக வெளியிட்டார். அவர் தருகிற கணக்குப்படி கிளாக்டனில் ஏற்பட்ட மொத்தச் சேதம் 513 பவுண்டு. கைதானவர்களில் வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவன் மேல் போட்ட வழக்கு, ஏழு பென்னி பெறுமான ஐஸ்கிரீமை வாங்கிக் காசு கொடுக்காமல் ஏமாற்றியது. இன்னொன்று, அரை பைன்ட் பெட்ரோல் திருடப் பார்த்தது.

ஒரு படகு கவிழ்ந்தால் ‘படகுகள் கவிழ்க்கப்பட்டன’ என்று எழுதுவது எப்படி மொத்தக் காட்சியையும் மாற்றிவிடுகிறது என்று கோஹன் காட்டினார். இன்னொரு விஷயம், அந்த ஈஸ்டரில் மாட், ராக்கர் என்ற பிரிவு அவ்வளவு கூர்மையாகக்கூட இல்லை, லண்டன் பையன்களுக்கும் உள்ளூர்ப் பையன்களுக்கும் இருந்த உரசலும் சேர்ந்துதான் வெடித்தது. பத்திரிகைகள் ஊதிவிட்ட பிறகு, மே மாத விடுமுறையில் மார்கேட்டிலும் பிரைட்டனிலும் நடந்த மோதல்களுக்குப் பையன்கள் தயாராகவே போனார்கள். ஜன்னல் உடைந்தது தப்புதான், பயந்துபோன கடைக்காரர்களின் பயமும் உண்மை. ஆனால் ஒரு ஊரின் பெயரை அறுபது வருஷம் பிடித்துவைக்கிற அளவு அங்கே எதுவும் நடக்கவில்லை.

கடலில் கப்பல்லேர்ந்து ரேடியோ நடத்தினாங்களே, அதுவும் இங்கேதானா?

இந்தக் கரைக்கு எதிரேதான். ரேடியோ கரோலைன் ஒலிபரப்பைத் தொடங்கியது 1964 மார்ச் 28, அதாவது மேலே சொன்ன அதே ஈஸ்டர் வாரக் கடைசியில், வடக்கே ஃபீலிக்ஸ்டோவுக்கு அப்பால். அப்போது பிபிசியில் பாப் இசைத்தட்டுகள் ரொம்பக் கொஞ்ச நேரம்தான் ஒலித்தன. பிரிட்டிஷ் எல்லைக்கு வெளியே கப்பலை நிறுத்திவிட்டால் உரிமம் தேவையில்லை என்பது இவர்கள் கண்டுபிடித்த வழி. அந்த வருஷக் கடைசியில் ரேடியோ லண்டன் என்ற இன்னொரு கப்பல் நிலையமும் ஃபிரின்டனுக்கு எதிரே வந்து நின்றது. 1966 ஜனவரி 20 அன்று கரோலைனின் ‘மி அமிகோ’ கப்பல் புயலில் நங்கூரம் அறுந்து ஃபிரின்டன் பக்கத்துக் கரையிலேயே வந்து தட்டியது. கரையிலிருந்து கயிறு கட்டி, உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கினார்கள். 1967 ஆகஸ்டில் வந்த சட்டம் இந்த நிலையங்களில் பெரும்பாலானவற்றை மூடவைத்தது, அடுத்த மாதமே பிபிசி ரேடியோ 1 தொடங்கியது.

கிளிஃப் ரிச்சர்ட் இங்கே பாடினாராமே?

ஆமாம், 1958 கோடையில் கிளாக்டன் பட்லின் முகாமில், பதினேழு வயதில். லக்னோவில் பிறந்தவர், குடும்பம் சுதந்திரத்துக்குப் பிறகு இங்கிலாந்து வந்தது. அந்த ஆகஸ்டில்தான் முதல் இசைத்தட்டு வெளியானது. முகாமிலிருந்து திரும்பிய கொஞ்ச நாளிலேயே நாடு முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டார்.

இவ்வளவு கூட்டம் வந்த ஊர் ஏன் இப்படி ஓய்ந்துபோனது?

ரயில் போனதால் இல்லை. நிறையக் கடற்கரை ஊர்கள் ரயிலை இழந்த காலத்தில் கிளாக்டன் பாதைக்கு 1959-லேயே மின்சாரம் வந்துவிட்டது, பிரிட்டனில் 25,000 வோல்ட் முறையைச் சோதித்துப் பார்த்த முதல் பாதைகளில் அதுவும் ஒன்று. ஊரை அடித்தது விமானமும் காரும். ஸ்பெயினுக்கு விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் என்று வந்தபோது, பட்லின் கையாண்ட அதே உத்தி வெயிலோடு கிடைத்தது. பட்லின் முகாம் 1983-ல் மூடப்பட்டது, இன்று அந்த இடத்தில் வீடுகள்.

ஒரு நாள் வந்தால் இதில் எதையாவது பார்க்க முடியுமா?

கடல்பாலம் இருக்கிறது, நடக்கலாம். ஸ்டீல் ஸ்டெல்லா 1970களில் தீயில் போய்விட்டது. விக்டோரியா ரோடு சாதாரணத் தெருவாக இருக்கிறது, மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள், வீடுகளைப் படம் எடுக்க வேண்டாம். நேரம் இருந்தால் ஜேவிக்குக்குப் பேருந்தில் போய், கடல்சுவர் மேல் ஏறி நில்லுங்கள். எல்லோரும் அங்கே கடலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நிமிஷம் திரும்பி, கூரைகளுக்கு அப்பால் மேற்கே தெரிகிற தாழ்ந்த வெளியைப் பாருங்கள். தண்ணீர் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.